பத்து நிமிடக் குக்கீக்குள் நடப்பது என்ன?

பீநட் பட்டர், சர்க்கரை, ஒரு முட்டை மூன்றையும் கலக்கி, பேக்கிங் மிக்ஸை (மாவு, கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாம் முன்பே கலந்த பாக்கெட் மாவு) கொட்டி, சாக்லேட் சிப்ஸ் தூவி, உருண்டை பிடித்து ஓவனில் வைத்தால் பத்து நிமிடத்தில் குக்கீ தயார். வெண்ணெயை நுரைக்க நுரைக்க அடிக்கிற வேலை கிடையாது. மாவு சலிக்கவும் வேண்டாம். கஷ்டமான வேலையெல்லாம் பாக்கெட்டுக்குள்ளேயே முடிந்திருக்கிறது.

இதைத் தொடங்கிவைத்தது ஒரு ரயில் பயணம். 1930-இல் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்து விற்பனை அதிகாரி கார்ல் ஸ்மித், ரயிலில் நேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தார். சில நிமிடங்களில் சுடச்சுட பிஸ்கட் வந்தது. (அங்கே பிஸ்கட் என்றால் மெத்தென்ற சின்ன ரொட்டி.) எப்படி என்று விசாரித்தால், மாவு, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் சமையற்காரர் முன்கூட்டியே கலந்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார். அந்த யோசனையிலிருந்து பிறந்த பிஸ்க்விக் என்ற பேக்கிங் மிக்ஸ் 1931-இல் கடைக்கு வந்துவிட்டது.

மாவோடு கொழுப்பையும் கலந்து வைத்ததுதான் இதில் சூட்சுமம். மைதாவில் உள்ள புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசைபடும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், குக்கீக்கு ஆகாது. மாவுத் துகள்மேல் முன்பே கொழுப்பு பூசியிருந்தால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது, வலையும் சரியாகப் பின்னாது. பீநட் பட்டரிலோ ஏறக்குறையப் பாதி கொழுப்பு. ஈரம் மிகமிகக் குறைவு. இரண்டும் சேர்ந்ததால்தான் கடித்ததும் பொலபொலவென்று உதிர்கிறது.

அடுத்தது பேக்கிங் பவுடர். ஆப்ப சோடாவும் அமிலத் தன்மையுள்ள உப்புகளும் சேர்ந்த கலவை இது. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு தவணையில் வேலை செய்கின்றன. முட்டையின் ஈரம் பட்டதும் கொஞ்சம் கரியமில வாயு கிளம்பும். மீதி, சூடு ஏறும்வரை காத்திருக்கும். அதனால் நாம் நிதானமாக உருண்டை பிடித்தாலும் பொங்கும் சக்தி வீணாகாது.

அப்புறம், பீநட் பட்டர் குக்கீயின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் முள்கரண்டிக் கோடுகள். அழகுக்குத்தான் போடுகிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருமுறை அழுத்தாமல் வைத்து, வெந்த பின் உடைத்துப் பார்த்தேன்: வெளியே பழுப்பு, நடுவில் பச்சை மாவு. பீநட் பட்டர் சேர்த்த மாவு கெட்டியானது. சூட்டில் தானாக அதிகம் பரவாது. முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தினால் தட்டையாகி, சூடு ஒரே சீராக இறங்கும். எழும்பி நிற்கும் விளிம்புகள் முதலில் காய்ந்து, முதலில் சிவக்கும்.

அந்தச் சிவப்பில்தான் குக்கீயின் வாசனை இருக்கிறது. வேர்க்கடலையில் கிட்டத்தட்டக் கால் பங்கு புரதம். ஓவனின் 175 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் அமினோ அமிலங்கள் சிலவகைச் சர்க்கரைகளோடு வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்த வினை இது.

சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டிலேயே உருகக்கூடியது. ஆனாலும் சிப்ஸ் வடிவம் கலையாமல் நிற்கும். யாரும் கிளறாததாலும், சுற்றியுள்ள மாவு தாங்கிப் பிடிப்பதாலும்.

ஓவனிலிருந்து எடுக்கும்போது குக்கீ தொளதொளவென்றுதான் இருக்கும், ஏனென்றால் சர்க்கரை இன்னும் பாகாக இருக்கிறது. வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளினால் ஆறியதும் கல்லாகிவிடும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். பாகு இறுகி, தோசைத் திருப்பியில் உடையாமல் எழுந்து வரும். பிட்டால் சாக்லேட் இன்னும் இழையாக நீளும்.