ராசியில்லாத பெட்டியும் முக்காலிக் கணக்கும்

வீட்டுத் தோட்டத்தில் ஓடும் சிறிய மாதிரி ரயிலுக்கு, அதாவது தோட்ட ரயிலுக்கு, உபரி பாகங்களை வைத்து ஒரு சரக்குப் பெட்டி செய்திருக்கிறார் வாசகர் ஒருவர். பழைய வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு போகிகள் (சக்கரச் சட்டங்கள்), மேலே தடிமனான மரப்பலகை, ஓரங்களில் குச்சிச் சட்டம். நேர்ப்பாதையில் அருமையாக ஓடுகிறதாம். வளைவு தொடங்கும் ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும், முன்சக்கரம் தடம் இறங்கிவிடுகிறது. கடையில் வாங்கிய பெட்டிகள் எல்லாம் அதே இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போகின்றன. "ராசியில்லாத பெட்டி என்று ஓரமாக வைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு காகிதத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

போகி என்றால் இங்கே பெட்டி அல்ல. பெட்டிக்கு அடியில் தனியாகத் திரும்பும் நான்கு சக்கரச் சட்டம். தோட்ட ரயிலில் பரவலாக இருப்பது, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பாதை. ஜெர்மனியின் மாதிரி ரயில் பிராண்டான எல்ஜிபி 1968-ல் கொண்டுவந்த ரயில்களோடு பிரபலமான அளவு இது. சக்கரத்தைத் தண்டவாளத்தில் நிறுத்தி வைப்பது அதன் உட்புற விளிம்பு. அந்த விளிம்பின் உயரம் சில மில்லிமீட்டர்தான். சக்கரம் அந்த அளவு மேலே எழும்பினால் போதும், கதை முடிந்தது.

முதலில் எளிய சோதனைகளை முடித்துவிடலாம். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களும் ஒரே விட்டமா? வெவ்வேறு வண்டியிலிருந்து கழற்றிச் சேர்த்தால் இது அடிக்கடி தவறும். அச்சு எப்போதும் சின்னச் சக்கரத்தின் பக்கமாகவே ஒதுங்கிப் போகும். உலோகச் சக்கரம் என்றால், இரண்டுக்கும் நடுவே மின்காப்பு இருக்கிறதா? இல்லாவிட்டால் மின்சாரம் ஓடும் பாதையில் ஷார்ட் ஆகிவிடும். சரி, இவையெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பெட்டியை அந்தப் பொல்லாத இடத்திலேயே நிறுத்தி, எட்டுச் சக்கரங்களுக்கு அடியிலும் காகிதத்தை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு சக்கரத்தின் கீழே காகிதம் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சக்கரம் நிற்கவில்லை, தொங்குகிறது.

காரணம் பாதையின் முறுக்கு. மழை பெய்து மண் இறங்கும். ஒரு பக்கத் தண்டவாளம் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முன்போகி நிற்கும் இடமும் பின்போகி நிற்கும் இடமும் இப்போது ஒரே தளத்தில் இல்லை. இரண்டு போகியையும் பலகையோடு இறுக்கித் திருகியிருந்தால் மொத்த வண்டியும் வளையாத ஒரே கட்டை. நான்கு கால் மேசை சமமில்லாத தரையில் ஆடுவது போல, ஒரு மூலை அந்தரத்தில் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நாற்காலி, முக்காலி என்று நம் மொழி காலை எண்ணித்தான் பெயரே வைத்திருக்கிறது. நாற்காலி ஆடும், முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் போகும்; நான்காவது புள்ளி அதே தளத்தில் விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே நமது எட்டுச் சக்கர வண்டியை முக்காலியாக மாற்ற வேண்டும்.

எப்படி? ஒரு போகியின் மேல், இடமும் வலமுமாக இரண்டு மெல்லிய பட்டைகளை ஒட்டுங்கள். பலகை அவற்றின் மேல் படியட்டும். இந்தப் போகி இடவலமாகத் திரும்பலாம், முன்னும் பின்னும் சாயலாம்; பக்கவாட்டில் மட்டும் சாயக்கூடாது. இவை இரண்டு கால்கள். மற்றொரு போகியில் நடுவே ஒரே ஒரு சின்ன வாஷர், திருகை முழுக்க இறுக்கியபின் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். இது எல்லாத் திசையிலும் அசையும். மூன்றாவது கால் இது. பாதை முறுக்கினால் இந்தப் போகி மட்டும் சாய்ந்து கொடுக்கும், சக்கரங்கள் தண்டவாளத்தை விடாது. இரண்டையும் தளர்த்திவிட்டால் பெட்டி தள்ளாடும், அதுவும் கூடாது.

நான் முதல்முறை திருகைத் தளர்த்திய அன்று, பலகை அசையாமல் இருக்க, போகி மட்டும் மெல்லச் சாய்ந்து பள்ளத்தில் இறங்கி ஏறியதைத் தரையோடு தலைவைத்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும்" என்று பள்ளியில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆடும் ஒரு வண்டியையும் ஒரு காகிதத் துண்டையும் மாணவர் கையில் கொடுத்தால் ராசி, கிரகம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய ரயில்வேக்களும் இதே சிக்கலைச் சமாளிக்கின்றன. சரக்கு வண்டிகளில் பரவலாகப் பயன்படும் போகி ஒரே வார்ப்பு அல்ல. இரண்டு பக்கச் சட்டங்கள், நடுவே ஸ்பிரிங் மேல் உட்காரும் ஒரு குறுக்குச் சட்டம் என மூன்று துண்டுகள். பக்கச் சட்டங்கள் தனித்தனியே சாய்வதால், பாதை கொஞ்சம் முறுக்கியிருந்தாலும் சக்கரங்கள் அதைப் பின்பற்றுகின்றன.

அப்புறம், எடை. வெறும் பலகை வண்டி இலேசாக இருந்தால் நீண்ட ரயிலின் நடுவில், வளைவில், இழுவிசையே அதை உள்பக்கமாகக் கவிழ்த்துவிடும். இரும்பு வாஷர்களைப் பலகைக்கு அடியில் ஒட்டுங்கள். நம் முக்காலி முக்கோண வடிவம். தளர்ந்த போகியை நோக்கி அது குறுகிக்கொண்டே போகும். அதனால் எடையை இரண்டு கால் உள்ள போகியின் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, முடிந்த அளவு கீழே வையுங்கள்.

மறுபடி அதே இடத்தில் காகிதச் சோதனை. எட்டுச் சக்கரமும் காகிதத்தைப் பிடித்தால், ரயிலைப் பின்னோக்கியும் தள்ளிப் பாருங்கள். அடுத்த பெட்டியோடு கோக்கும் இணைப்பைப் போகியிலேயே பொருத்தியிருந்தால் தள்ளும் விசை போகியைக் கோணலாக்கும். முன்னோக்கி ஓடும்போது மறைந்திருந்த கோளாறு அங்கேதான் வெளியே வரும்.