வான் பாயும் தண்ணீரும் கால் செக்கனும்

மட்டக்களப்பில் நீர்வீழ்ச்சி தேடிப் படமெடுக்க நினைப்பவருக்கு முதல் தடை நிலம்தான். இலங்கையின் நிலத்தை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் புவியியலில் உண்டு. நாம் இருப்பது அடிப்படியில். ஆறு மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும் விளிம்புகளில்தான் பெரிய அருவிகள் பல இருக்கின்றன. கொஸ்லந்தைக்கு அருகில் 220 மீற்றர் உயரத் தியலும, பதுளைக்கு அருகில் 64 மீற்றர் உயரத் துன்ஹிந்த. செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, மகாஓயா, பிபிலை எல்லாம் தாண்டினால்தான் அந்த மலைகள் வரும். ஒரு நாள் பயணம் அது.

ஆனால் மாரி வந்தால் நமக்கும் விழும் தண்ணீர் உண்டு. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளங்கள் நிரம்பி வான் (மிகை நீர் வழிந்து வெளியேறும் கட்டு) பாயத் தொடங்கினால், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் பார்க்கப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கல்லில் விழுந்தால் என்ன, கொங்கிறீட்டில் விழுந்தால் என்ன, தண்ணீருக்குச் சட்டம் ஒன்றுதான். படத்துக்கும் அப்படியே.

விழும் நீர் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். அமைதியான குளத்தில் அப்படி ஒரே ஒரு பரப்பு. வானில் விழுந்து உடையும் நீரிலோ குமிழி, துளி என்று எண்ண முடியாத பரப்புகள். ஒளி அவற்றுக்குள் மாறி மாறிப் பட்டு எல்லாத் திசையிலும் சிதறுகிறது. எல்லா நிறமும் ஒரேயளவு சிதறுவதால் நமக்கு வெள்ளை. முதல் வெள்ளத்தில் மண் கரைந்து வரும்போது மட்டும் நுரைகூட வெளிர் தேநீர் நிறத்தில் இருக்கும். அதைக் கணினியில் வெளுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, மாரித் தண்ணீரின் நிறம் அதுதான்.

சரி, படங்களில் அருவி வழுவழுவென்று பஞ்சாகத் தெரிவது எப்படி? மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர், உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அடிக்கு வரும்போது செக்கனுக்கு 7.7 மீற்றர் வேகத்தில் இருக்கும். கமராவின் ஷட்டர் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்து மூடினால் அதற்குள் ஒரு துளி எட்டு மில்லிமீற்றர்கூட நகராது. துளி துளியாக, உறைந்தமாதிரிப் படம் வரும். அதே ஷட்டரைக் கால் செக்கன் திறந்து வைத்தால் துளி கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் ஓடிவிடும். அந்த ஓட்டம் முழுவதும் ஒரே படத்தில் கோடாகப் பதிகிறது.

இன்னும் உற்றுப் பார்த்தால், அந்தப் பஞ்சுப் படம் ஒரு சராசரிக் கணக்கு. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வெண்ணீர் இருந்ததோ அவ்வளவுக்கு அந்த இடம் வெளுக்கும். இடைவிடாமல் நீர் பாயும் நடுப்பகுதி பளிச்சென்றிருக்கும். எப்போதாவது ஒரு துளி தெறித்துப் போகும் ஓரம் மங்கலாகும், தனித் துளி காணாமலே போகும். நம் கண்ணுக்கு இந்த இரண்டு தோற்றமும் தெரிவதில்லை. அது பார்ப்பது நடுவில் ஏதோ ஒன்று. ஆகவே எது உண்மையான படம் என்று சண்டை பிடிப்பதில் பொருளில்லை.

'அருவிக்குக் கால் செக்கன்' என்று பொதுவாகச் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். நீர் எத்தனை மீற்றர் ஓடுகிறது என்பதைவிட, படச்சட்டத்தில் எத்தனை பங்கு ஓடுகிறது என்பதே முக்கியம். வானுக்குப் பக்கத்தில் நின்று ஆறு மீற்றர் உயரத்தைப் படத்துக்குள் அடக்கினால் அந்த இரண்டு மீற்றர் மூன்றில் ஒரு பங்கு. துன்ஹிந்தவை எட்ட நின்று முழுதாக எடுத்தால் அதே இரண்டு மீற்றர் ஒரு சின்னக் கீறல். உயரத்திலிருந்து விழுவதால் அங்கே வேகம் கூடத்தானே என்று கேட்கலாம். கூடும், ஆனால் நினைக்கிற அளவுக்கு அல்ல. நீர் உடைந்து துளியானதும் காற்று அதைத் தடுக்கிறது. பெரிய மழைத்துளிகூடச் செக்கனுக்கு ஒன்பது மீற்றர் அளவில் நின்றுவிடும். உயரமான அருவியின் கீழ்ப்பாதி புகையாக ஆறுதலாக இறங்குவதற்குக் காரணமும் இதுதான்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். நல்ல வெயிலில் கமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவாரத்தை எஃப் 16 என்று வைத்தால் ஷட்டர் நூறில் ஒரு பங்கு செக்கன்தான் திறந்திருக்கலாம். கால் செக்கன் திறந்தால் இருபத்தைந்து மடங்கு ஒளி உள்ளே வந்து படம் வெளுத்துப் போகும். அதற்காகத்தான் கறுப்புக் கண்ணாடி மாதிரியான என்டி பில்டர் போடுகிறார்கள். ஆனால் நம் குளங்கள் வான் பாய்வது மார்கழி, தை மாதங்களில், வானம் மூடிக் கிடக்கும் நாட்களில். கனத்த முகில் ஒளியை எட்டில் ஒரு பங்காக்கிவிடும். அதற்கு மேல் பொலரைசர் என்ற பில்டரை மாட்டினால் இன்னும் மூன்று, நான்கு மடங்கு குறையும். பெருக்கிப் பாருங்கள், கால் செக்கனுக்குக் கிட்ட வந்துவிடும்.

பொலரைசரின் சொந்த வேலை வேறு. நனைந்த கல்லிலும் நீர்ப்பரப்பிலும் சாய்ந்து பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும்; தண்ணீரில் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகையில் அது முழுமையாகும். பில்டரைச் சுழற்றி அந்தத் தளத்தை அடைத்தால் மினுக்கம் போய்ப் பாசியின் பச்சையும் கல்லின் நிறமும் வெளியே வரும்.

போன் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அனேகமான போன்களில் லென்ஸின் துவாரம் மாறாது, அதுவும் அகலமானது. பகலில் ஷட்டரை நீட்ட வழியில்லை. அதனால் போன் குறுகிய படங்கள் பலவற்றை அடுத்தடுத்து எடுத்து, கை ஆட்டத்தைச் சரிசெய்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சராசரி பார்க்கிறது. படங்கள் போதாமல் போனால் நீர்க்கோடு விட்டு விட்டுத் தெரியும். போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எங்கே நிற்பது? அணைக்கட்டின் மேல், அல்லது கரையில் எட்ட. வானின் அடியில் வேகமாக வரும் மெல்லிய நீர், ஆழமான மெது நீரில் மோதித் திடீரென்று எழும்புகிறது. அந்த இடத்தில் மேற்பரப்பு நீர் சுவரை நோக்கித் திரும்ப உருளும், விழுந்த மரக்கட்டை மணிக்கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மனிதனுக்கும் அதே கதிதான். மேலே மழை பெய்து குளத்தின் கதவை உயர்த்தினால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாமலே நீர் ஏறும்.

காலையில் போவது நல்லது. நம் ஆறுகள் பெரும்பாலும் கிழக்கே கடலை நோக்கி ஓடுவதால், வானுக்குக் கீழ்ப்பக்கம் நின்று பார்த்தால் முதுகில் வெயில் இருக்கும். சிதறும் துளிகளில் வானவில் தோன்றுவது உங்கள் தலை நிழலின் திசையிலிருந்து 42 பாகை தள்ளி. ஆகவே உங்கள் கண்மட்டத்துக்கு மேல் வில் தெரிய வேண்டுமானால் சூரியன் 42 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும்; மார்கழியில் நமக்கு அது காலை ஒன்பதரை வரை. முகில் விலகாவிட்டால் வில் கிடையாது, அன்றைக்குக் கால் செக்கன் படத்தை எடுங்கள்.