கேத்திலில் மிஞ்சிய சாயம்: எங்கே ஊற்றலாம், யாருக்கு ஊற்றக்கூடாது

காலை பத்து மணிபோல ஒரு வீட்டுக்குப் போனால், குசினி மேசையில் கேத்தில் இருக்கும். அதற்குள் விடியப்புறம் ஊற்றிய தேயிலைச் சாயத்தில் பாதி ஆறிப்போய்க் கிடக்கும். பக்கத்தில் சின்னத் தட்டால் மூடிய ஒரு கோப்பை பால் தேத்தண்ணி. குடும்பநல உத்தியோகத்தராக யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து ஒழுங்கைகளில் பல வருடங்கள் திரிந்தவள் நான். குழந்தையின் நிறை பார்க்க, கர்ப்பிணித் தாயின் அட்டை பார்க்க என்று போவேன். ஆனால் கண் முதலில் அந்தக் கோப்பைக்குத்தான் போகும்.

"இது ஆருக்கு அம்மா?" என்று கேட்பேன்.

"சின்னவன் எழும்பினால் குடிப்பான் மிஸ். ஊத்த மனம் வரேல்லை. சீனியும் பாலும் போட்டதெல்லே."

ஊற்ற மனம் வராதது நல்ல குணம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மலைநாட்டில் ஒரு பெண் சரிவில் நின்று, அட்டைக்கடியும் மழையும் தாங்கி, ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளியது அது. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாளிலிருந்து இன்றுவரை அந்த வேலை கையால்தான் பெரும்பாலும் நடக்கிறது. அதை வீணாக்கக் கூடாது என்பதில் எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே எண்ணம்தான். மிஞ்சினது கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. பெரும்பாலும் அது வீட்டிலேயே சின்னப் பிள்ளையிடம் போகிறது. இல்லாவிட்டால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் போகிறது.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளை. குருதியில் ஹீமோகுளோபின் 10.1 இருந்தது. கர்ப்ப காலத்தில் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. கிளினிக்கில் கொடுத்த அயன் குளிசையை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் போடுகிறாள், வெறும் அட்டைகளைக் கொண்டுவந்து காட்டுகிறாள். அடுத்த பரிசோதனையில் 10.2. எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போய், இராச்சாப்பாடு முடியும்வரை இருந்து கதைத்தேன். மாமியார் நல்ல மனுசி. மருமகள் சாப்பிட்டு முடித்ததும் கேத்திலில் மிஞ்சிய சாயத்தைச் சூடாக்கி, பனங்கட்டித் துண்டோடு கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பிளேன்ரீயோடுதான் குளிசையும் இறங்கியது.

தேயிலையில் இருக்கும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்டதைக் குடலால் உறிஞ்ச முடியாது. கீரை, பயறு, கடலை போன்ற தாவர உணவுகளில் கிடைக்கும் இரும்பு சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் பாதிக்கும் மேல் வீணாகிப் போகலாம். அதுவும் மிஞ்சின சாயம் நெடுநேரம் தூளோடு ஊறினது, திரும்பக் கொதிக்க வைத்தது. துவர்ப்பு இன்னும் கூடியிருக்கும். பால் சேர்த்தாலும் பிரச்சினை தீராது. அந்தத் தாயிடம் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு, அல்லது வெறுந்தண்ணீரோடு கிளினிக்கில் தரும் விற்றமின் சி குளிசையையும் சேர்த்துப் போட வேண்டும். தேத்தண்ணி வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கலாம். கல்சியம் குளிசையையும் அதே நேரத்தில் போடாமல் வேறு வேளைக்கு மாற்றினோம். அடுத்த முறை 11.2. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் நல்லதெண்டுதானே பிள்ளை குடுத்தனான்" என்றார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளின் கதையும் இதுதான். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகும் தேத்தண்ணியில் பிஸ்கற் தோய்த்து ஊட்டுவது, போத்தலில் சாயம் விடுவது வேண்டாம். வயிறு நிரம்பும், பசி போகும், சோறும் கீரையும் உள்ளே போகாது. போன கொஞ்சத்தில் இருக்கும் இரும்பையும் தேயிலை பிடித்துக்கொள்ளும். ஒரு கோப்பை சாயத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீனும் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை இரவில் நித்திரை கொள்ளாமல் அழுவதற்கு வேறு காரணம் தேடி ஓட வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் மிஞ்சினதை என்ன செய்வது?

முதலில் பால் விட்டதையும் விடாததையும் பிரித்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி ஆறிவிட்டால் அது ஒரு பால் உணவு, அவ்வளவுதான். 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருந்தால் குடிக்கக் கூடாது. எங்கள் சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணித்தியாலமே கூடுதல். திரும்பக் கொதிக்க வைத்தால் சரிவரும் என்று நினைக்காதீர்கள். கிருமி செத்தாலும், சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதியில் அழியாது. அந்தக் கோப்பையைக் கிணற்றடி வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடுங்கள். அதையும் ஒரே இடத்தில் நாளாந்தம் ஊற்றினால் எறும்பு பிடிக்கும், மணக்கும். பாத்தியைச் சுற்றி இடம் மாற்றி ஊற்றி, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். பால் விட்ட தேத்தண்ணிக்கு இதைத் தவிர நான் வேறு வழி சொல்ல மாட்டேன்.

சீனியும் பாலும் சேராத வெறும் சாயத்துக்குத்தான் வேலை நிறைய இருக்கிறது.

காலையில் வடித்ததைச் சுத்தமான போத்தலில் மூடி, ஆறினதும் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அடுத்த நாளுக்குள் குளிர்பானமாக்கலாம். தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் உப்பு, தேவைக்குப் பனங்கட்டி அல்லது சீனி. தேசிக்காய் விட்டதும் சாயத்தின் கறுப்பு இளகிப் பொன்னிறமாக வரும். இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் தேத்தண்ணியின் மேலே எண்ணெய் மிதப்பதுபோல ஒரு மெல்லிய ஆடை கட்டுமே, தூளில் ஏதோ கலப்படம் என்று பல பேர் என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள். தூளைக் குற்றம் சொல்ல வேண்டாம். குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது சுண்ணக்கல். அதிலிருந்து கிணற்றுக்கு வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூட. அது தேயிலைச் சாற்றோடு சேர்ந்து காற்றுப்படும்போது அந்த ஆடையைக் கட்டுகிறது. கோப்பையின் உள்விளிம்பில் பிடிக்கும் கறையும் அதுதான். புளி சேர்ந்தால் ஆடை கட்டாது. கறை பிடித்த கோப்பையைத் தேசிக்காய்த் தோலும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

இந்தக் குளிர்பானம் வளர்ந்தவர்களுக்கு, அதுவும் சாப்பாட்டு நேரம் தவிர்த்து. கடலை அவிக்கும்போது சாயம் விட்டால் நல்ல நிறம் வரும் என்று ஒரு குறிப்பு சுற்றித் திரிகிறது. நிறம் வருவது உண்மைதான். ஆனால் கடலையை நாங்கள் கர்ப்பிணிகளுக்குச் சொல்லுவதே அதில் இரும்பு இருப்பதால்தான். அதை ஏன் தேயிலையில் அவிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் நான் செய்வதில்லை. நத்தாருக்குக் கேக் போடுகிறவர்கள் பிளம்ஸை இளஞ்சூட்டுச் சாயத்தில் ஓரிரவு ஊற வைக்கலாம். அது நன்றாக உப்பி, மெதுமையாக வரும்.

தோட்டத்துக்கு வருவோம். இங்கே மிஞ்சின சாயத்தைவிட வடியில் மிஞ்சும் சக்கைதான் பெறுமதி. அதில் தழைச்சத்து இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் போட்டுப் போட்டு, யூரியாவும் அள்ளிக் கொட்டி, அந்தப் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு சுண்ணக்கல் வழியாக நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பகுதியில் அந்த எல்லையைத் தாண்டின கிணறுகள் இருக்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது உயிராபத்து. அதனால் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பிடி செயற்கைப் பசளை குறைந்தாலும் எனக்குச் சந்தோசம். தேயிலைச் சக்கையால் மட்டும் ஊர்க் கிணறு திருந்திவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் இருக்கும் வீட்டில் நாளுக்கு இரண்டு கைப்பிடி சக்கை சேரும், அது வீதிக் குப்பைக்குப் போகாமல் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும்.

போடும் முறையில் ஒரு கவனம் வேண்டும். ஈரச் சக்கையை அடிமரத்தோடு தடிப்பாகப் பரப்பினால் அது காய்ந்து அப்பளம் மாதிரி இறுகிப்போகும், தண்ணீர் கீழே இறங்காது, பூஞ்சணமும் பிடிக்கும். கூட்டெருக் குழியில் ஒரு பங்கு சக்கைக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, கிழித்த கடதாசி, வைக்கோல் என்று கலந்து போடுங்கள். சீனி போட்டு ஊற்றிய சக்கையென்றால் ஒருமுறை கழுவிவிடுங்கள். தேயிலைப் பையாக இருந்தால் கம்பியையும் நூலையும் கழற்றி, பையைக் கிழித்துத் தூளை மட்டும் எடுங்கள். பல பைகளில் பிளாஸ்ரிக் இழை சேர்ந்திருக்கிறது, அது உக்காது. ஆறின வெறும் சாயத்தை அதேயளவு தண்ணீர் கலந்து பூச்சாடிக்கு விடலாம், கிழமைக்கு ஒருமுறை போதும். தேத்தண்ணி புளிப்புத்தன்மை உள்ளது, அதனால் சுண்ணாம்பு மண்ணைத் திருத்திவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு கிளாஸ் சாயத்துக்கு அந்த மண்ணை மாற்றும் வலு இல்லை. செடிக்கு ஈரம் கிடைக்கும், அவ்வளவே.

எனக்கு மிகவும் பிடித்தது துணிக்கு நிறமேற்றுவது. கர்ப்பிணித் தாய்மார் குழுவில் ஒருமுறை செய்து காட்டினேன், பிறகு வரும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். பழைய வெள்ளை வேட்டி, மங்கின தலையணை உறை எதுவும் சரி, பருத்தியாக இருக்க வேண்டும். துணியை நன்றாகத் தோய்த்து, சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி படிகாரம் கரைத்து அரை மணித்தியாலம் ஊற வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் சக்கையைச் சேர்த்துக் கொதிக்க வைத்து வடித்த கடும் சாயத்தில் அதைப் போட்டு, இடைக்கிடை திருப்பிவிட்டு ஒரு மணித்தியாலம் வைத்தால் பனங்கட்டி நிறம் வரும். பிழிந்து நிழலில் காயப் போடுங்கள். இரும்பைப் பிடிக்கும் அதே தனின்தான் துணி நூலையும் பிடித்துக்கொள்கிறது. துருப்பிடித்த ஆணி இரண்டைச் சாயத்தில் போட்டால் நிறம் கறுத்துச் சாம்பலாக மாறும். இதைக் கண்ணாடிக் கிளாசில் செய்து காட்டி, "அயன் குளிசையோடு தேத்தண்ணி குடிக்கும்போதும் வயிற்றுக்குள்ளே இரும்பை இதுதான் பிடிக்கிறது" என்று சொன்னேன். எத்தனையோ துண்டுப்பிரசுரம் கொடுத்தும் பதியாத விசயம், அந்தக் கறுத்த தண்ணீரைப் பார்த்ததும் பதிந்தது.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். மீன், நண்டு துப்புரவாக்கின கையை ஈரச் சக்கையால் தேய்த்துக் கழுவினால் மணம் குறையும், அதோடு தேசிக்காயும் சேர்ந்தால் நன்றாகப் போகும். முகம் பார்க்கும் கண்ணாடியில் கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு வெறும் சாயம் தொட்ட துணிக்கு விடும். வெயிலில் சருகாகக் காய்ந்த சக்கையைச் சீலைத் துணியில் முடிந்து பிள்ளையின் பள்ளிச் சப்பாத்துக்குள் இரவில் வைக்கலாம். ஈரம் துளியும் இருக்கக் கூடாது, வெள்ளைச் சப்பாத்தில் கறை ஏறிவிடும்.

இனிச் செய்யக் கூடாதவை. வெட்டுக்காயத்தில் தேயிலைத் தூளோ கோப்பித் தூளோ அப்பிக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். இரத்தம் நின்றதுபோலத் தெரியும், ஆனால் தூளோடு கிருமியும் உள்ளே போகும், காயத்தைத் துப்புரவாக்கும்போது இரட்டை வேதனை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள், ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) தேவையா என்று வைத்தியர் சொல்வார். சுட்ட புண்ணுக்கும் சாயம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பிள்ளையின் கண் பீளை கட்டினால் தேத்தண்ணியால் துடைக்காதீர்கள்.

செத்தவீடு, அந்தியேட்டி, கோயில் தண்ணீர்ப்பந்தல் என்று வாளிக் கணக்கில் மிஞ்சும் இடங்களில், பால் கலக்கும் முன்பே கொஞ்சம் யோசிக்கலாம். சாயத்தைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் வைத்து, ஆட்கள் வர வரக் கலந்தால் மிஞ்சுவது வெறும் சாயமாக இருக்கும். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

மாரி தொடங்கினால் இன்னொன்று. பூச்சாடிக்கு ஊற்றும் சாயமும் மழைத் தண்ணீரும் சாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் தேங்கி நிற்கும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கத் தொடங்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். சனிக்கிழமை சனிக்கிழமை அந்தத் தட்டை எடுத்துக் கவிழ்த்து, உள்விளிம்பைத் தும்பால் உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை ஒட்டிக்கிடப்பது அந்த விளிம்பில்தான்.