டூல் பாக்ஸின் நாலு காலும் பிக்கப் தொட்டியும்

ரெண்டு மழைக்காலம் ஓடிய பிக்கப்பின் தொட்டியிலிருந்து டூல் பாக்ஸைத் தூக்கிப் பாருங்கள். அது இருந்த இடத்தில் நாலு மூலையிலும் 'எல்' வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கும். சுற்றிலும் பெயிண்ட் கொப்புளம் போட்டிருக்கும். நகத்தால் கீறினால் அடுக்கடுக்காகத் துரு உதிரும். ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினால் சில வண்டிகளில் அது தகட்டைத் தாண்டிக் கீழே போய்விடும். குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியக்காவிளைப் பக்கம் பம்ப் செட்டும் ஜெனரேட்டரும் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரும் பழுது பார்க்கப் போகிற வண்டிகளில் இந்தக் காயம் சாதாரணம். "எடை ஜாஸ்தி, அதான்" என்பார்கள். ஒன்றரை டன் சுமக்கிற தொட்டியை 200 கிலோ பெட்டி ஓட்டை போடுகிறது என்றால், கேட்க வேண்டிய கேள்வி வேறு.

பெட்டியின் காலைக் கவனியுங்கள். பட்டறையில் செய்யும் பெட்டிக்கு 40×40×5 மி.மீ. 'எல்' வடிவ இரும்பு ஆங்கிளைத் துண்டாக அறுத்துக் காலாக வைப்பது வழக்கம். நிறுத்தி வைத்த ஆங்கிளின் அறுத்த முனை தகட்டில் படும் பரப்பு 3.75 சதுர செ.மீ. மட்டுமே. நாலு காலும் சேர்ந்தால் 15. அதன்மேல் 200 கிலோ என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 13 கிலோவுக்கு மேல். இது வண்டி நிற்கும்போதுள்ள கணக்கு. பள்ளத்தில் விழுந்து எழும்போது இதே அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகும். 200 கிலோவா என்று சந்தேகப்பட வேண்டாம். நாலடி நீளம், ஒன்றரை அடிக்குச் சற்று மேல் அகல உயரமுள்ள 1.6 மி.மீ. தகட்டுப் பெட்டியின் தகடு மட்டுமே 35 கிலோவுக்கு மேல். ஆங்கிள் சட்டம், செயின் பிளாக், பைப் ரிஞ்சு, ஜாக்கி, ஸ்பேனர் செட், கிரைண்டர் எல்லாம் ஏறினால் 200 தாண்டுவது தெரியவே தெரியாது.

காலை அறுத்து எறிந்துவிட்டு, பெட்டியின் நீள ஓரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக 75×50 மி.மீ. மரச்சட்டம் இரண்டு வையுங்கள், 75 பக்கம் தகட்டில் படும்படி. 120 செ.மீ. நீளத்துக்குப் பரப்பு 1,800 சதுர செ.மீ. தொட்டித் தகட்டின் வரிமேடுகளில் பாதி மட்டும் பட்டாலும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.22 கிலோதான். முன்பிருந்ததில் அறுபதில் ஒரு பங்கு.

சட்டத்தை வண்டியின் குறுக்கே வைக்க வேண்டும். வரிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. சட்டத்தையும் நீளவாக்கில் வைத்தால் அது பள்ளத்தில் உட்கார்ந்து மெல்லிய தகட்டை மட்டும் அழுத்தும், தண்ணீர் வடியும் வழியையும் அடைக்கும். குறுக்கே வைத்தால் பல மேடுகள் சேர்ந்து தாங்கும், அடியில் தண்ணீர் ஓடும். அந்தச் சட்டம் கிராஸ் மெம்பருக்கு (தொட்டியை அடியில் குறுக்கே தாங்கும் இரும்புச் சட்டம்) நேர் மேலே வந்தால் இன்னும் நல்லது. வண்டிக்கு அடியில் படுத்து, கேபினை ஒட்டிய தொட்டிச் சுவரிலிருந்து ஒவ்வொரு கிராஸ் மெம்பரும் எத்தனை செ.மீ. என்று அளந்து, மேலே சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. பெட்டி பொருத்துபவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பதும் இதைத்தான். கோடும் பெட்டியின் அகலமும் ஒத்துவராவிட்டால், இரண்டு கிராஸ் மெம்பர்களை எட்டும் அளவுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட்டைச் சட்டத்துக்கு அடியில் போடலாம், வெட்டிய ஓரங்களில் பெயிண்ட் குடிக்கும் வரை அடித்துவிட்டு. மரத்துக்கு அயனி அல்லது தேக்கு. ரப்பர் மரம் நம் ஊரில் மலிவு என்று போட்டால் ஒரே மழையில் பூஞ்சை, அடுத்த வருடம் வண்டு.

பெட்டியின் இடம் கேபினை ஒட்டித்தான். 3 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 200 கிலோவை வைத்தால் முன் சக்கரத்திலிருந்து 67 கிலோ தூக்கிவிடும், பின் ஆக்சிலில் 267 கிலோ ஏறும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிறது என்று சொல்கிறவர்கள் அலைன்மென்ட் பார்ப்பதற்கு முன் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். கேபின் சுவருக்கும் பெட்டிக்கும் மூன்று நாலு செ.மீ. இடைவெளி இருக்கட்டும், முட்டி நின்றால் அதிர்வில் சுவரின் பெயிண்ட் உரியும்.

அடுத்தது அசைவு. கட்டாத பெட்டி ஒவ்வொரு பிரேக்கிலும் ஓரிரு மி.மீ. நகர்கிறது. அடியில் மாட்டிய எம்சாண்ட் துகள் எமரி பேப்பர் மாதிரி பெயிண்டைத் தேய்க்கிறது. திடீர் பிரேக்கில் சுமையின் எடையில் 80 சதவீதமும், வளைவில் 50 சதவீதமும் இழுவிசையாக வரும் என்று வைத்துக்கொண்டுதான் சுமை கட்டும் கணக்கே போடப்படுகிறது. 200 கிலோ பெட்டி முன்னோக்கி 160 கிலோ விசையோடு பாயும். இழுத்து இறுக்கும் ரேட்செட் பெல்ட் மட்டும் போதாது; நைலான் மழையில் நனைந்து தளரும், பாலியெஸ்டரும் கொஞ்சம் நீளும். போல்ட் போடுங்கள்.

போல்ட் என்றால் தானே துளைக்கும் ஸ்க்ரூ அல்ல. அது ஒரு மில்லி தகட்டில் ஒரு மரையைக்கூட முழுதாகப் பிடிக்காது, அதிர்வில் பிய்த்துக்கொண்டு வரும். எம்10 அளவில் 8.8 தர போல்ட் நாலு, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்) நாலு, அடியில் 75×75×5 மி.மீ. தகட்டுத் துண்டு நாலு. எம்10 8.8 போல்ட் ஒன்றே மூன்று டன்னுக்கு மேல் இழுவிசை தாங்கும். ஆகவே போல்ட் ஒருபோதும் அறாது, வாஷர் சிறிதாக இருந்தால் தகடுதான் கிழியும். அடித்தகடு பெரிதாக இருப்பது அதற்காக. மரச்சட்டம் (அடியில் ரப்பர் மேட் போட்டிருந்தால் அதுவும்) வழியாகப் போல்ட் போகிற இடத்தில் அதே உயரத்துக்கு இரும்புப் பைப் துண்டு ஒன்றைப் புஷ் மாதிரி நுழையுங்கள். இல்லாவிட்டால் முறுக்க முறுக்க மரமும் ரப்பரும் நசுங்கும், இறுகியது போலத் தெரியும், ஒரு வாரத்தில் தளரும்.

துளை போடும் முன் அடியில் பிரேக் பைப், டீசல் டேங்க், வயரிங் எங்கே போகிறது என்று பாருங்கள். சேஸிஸில் துளை வேண்டாம். கேஸ் கட்டரால் துளைத்தால் சுற்றிலும் பெயிண்ட் எரிந்து, துரு அங்கேயே தொடங்கும். டிரில் போட்டு, பிசிரை அரத்தால் எடுத்து, ஜிங்க் பிரைமர் தடவி, காய்ந்தபின் பெயிண்ட், அதன்பின் சீலன்ட். சிலிகான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள்: வினிகர் வாசனை வந்தால் அது கண்ணாடிக்கானது, காயும்போது அமிலம் விட்டு இரும்பை அரிக்கும். நியூட்ரல் சிலிகான் அல்லது பி.யூ. (பாலியூரிதேன்) சீலன்ட் கேளுங்கள். பெட்டியைத் தொட்டியோடு வெல்ட் வைப்பதையும் தவிருங்கள். அடிப்பக்கம் பெயிண்ட் எரிவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறு வழியில்லாமல் வெல்டிங் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியு போனால் செலவு பெட்டியின் விலையைத் தாண்டும்.

முறுக்கியபின் நட்டிலும் தகட்டிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் மார்க்கரில் இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் நட் சுழன்றிருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

பெட்டிக்கு வெளியே உள்ள இடத்துக்கு மேட் வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் மேட்டை அடிக்க ஆளில்லை: 15 மி.மீ. கனம், ஆறரைக்கு நாலடி, அடியில் வரிப்பள்ளம். அந்தப் பள்ளம் டெயில் கேட்டை நோக்கி ஓடும்படி விரியுங்கள். முப்பது நாற்பது கிலோ எடை இருக்கும். அதனாலேயே பலர் போட்டபின் எடுப்பதில்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் அது தப்பு. மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவி, தொட்டி காய்ந்தபின் போடுங்கள். பின்மூலை வடிகால் துளையில் சருகும் ஜல்லியும் அடைத்திருக்கும், சைக்கிள் ஸ்போக்கால் குத்தினால் போதும்.

ரப்பர் தோட்டத்துக்குப் போகும் வண்டிக்கு ஒரு தனி எதிரி உண்டு: பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட். கேன் மூடி சரியாக இறுகாமல் சிந்தினால் கீறல் விழுந்த இடத்தில் இறங்கி அரிக்கும். பழைய பேட்டரியின் ஆசிடும் அப்படியே. உடனே நிறையத் தண்ணீர், பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி தண்ணீர். ஆசிட் கேனைப் பிளாஸ்டிக் டிரேயில் வைத்தால் இந்த வேலையே இல்லை.

ஏற்கெனவே துருப்பிடித்த தொட்டிக்கு மேல் செக்கர் பிளேட் (வழுக்காமலிருக்க மேடு போட்ட தகடு) போடச் சொல்வார்கள். எட்டடிக்கு ஐந்தரை அடி தொட்டிக்கு 3 மி.மீ. இரும்பு செக்கர் பிளேட் சுமார் 100 கிலோ. குட்டி யானையின் சுமையில் அது பெரிய பங்கு. அதைவிட மோசம், இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். ஸ்க்ரூ டிரைவர் இறங்காத துருவென்றால் வயர் பிரஷ், 80 நம்பர் எமரி, ஜிங்க் பிரைமர், இரண்டு கோட் பி.யூ. பெயிண்ட் போதும், ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்தினால் ஒரு மழைதான். ஸ்க்ரூ டிரைவர் இறங்கினால் அந்தத் துண்டை நல்ல தகடு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகடு வைத்து வெல்ட் செய்து, மேலும் கீழும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பக்கம் அடித்தார்களா என்று வண்டி எடுக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.