தோட்டத்து நாய்க்கும் திராட்சை ஆகாது

போன வாரம் கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் தம் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். திராட்சை தின்று மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் நாள் இரண்டு முறை வாந்தி, பிறகு நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள். கால்நடை மருத்துவரான என்னிடம் வந்தபோது நாய் சிறுநீர் கழித்து ஒரு நாளாகியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. இந்தத் திராட்சை வெட்டில் (அறுவடையில்) இது எனக்கு மூன்றாவது நாய்.

“தோட்டத்திலேயே பிறந்த நாய், டாக்டர். வருடா வருடம் உதிர்ந்த பழத்தைத் தின்றுதானே வளர்ந்தது?” மூன்று வீட்டாரும் கேட்ட கேள்வி இது. பழகிப்போவதற்கு இது காரமோ கசப்போ அல்ல. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2021 முதல் கருதப்படுகிறது. அந்த அமிலம் ரகத்துக்கு ரகம், பழுத்த பதத்துக்கு ஏற்ப மாறும். தாங்கும் சக்தியும் நாய்க்கு நாய் வேறு. போன வருடம் தப்பித்த நாய் இந்த வருடமும் தப்பிக்கும் என்று நான் எப்படிச் சொல்வேன்? இத்தனை பழம் வரை பரவாயில்லை என்ற கணக்கே கிடையாது. நாட்டு நாயானாலும் லாப்ரடார் ஆனாலும், பன்னீர் திராட்சையானாலும் விதையில்லாத ரகமானாலும் ஆபத்து ஆபத்துதான். உலர்திராட்சை இன்னும் மோசம். ஓணத்துக்குக் குமுளி உறவினர் வீட்டிலிருந்து வரும் பாயசத்தின் மிச்சத்தை நாய்த் தட்டில் ஊற்றாதீர்கள்.

என்னை மிகவும் வருத்துவது வீட்டு வைத்தியம். வாந்தி எடுக்க வைக்கப் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு வருகிறார்கள். புளியின் புளிப்பே அந்த டார்டாரிக் அமிலம்தான்! புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் உண்டு. உப்புக் கரைசலும் வேண்டாம். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்துவிடும். தொண்டைக்குள் விரலை விடாதீர்கள்.

தின்றதைப் பார்த்தவுடன் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஊசி போட்டுப் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடலாம். தாமதமானாலும் வாருங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரையும் திட்டுவதற்காக நான் கேட்பதில்லை. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை மூன்று நாள் வரை ரத்தத்தில் பார்க்க வேண்டும். நாய் வாலாட்டுகிறது என்பதற்காக நடுவில் அழைத்துப் போய்விடாதீர்கள். சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும்.

வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா சூயிங்கம் ஆகியவையும் ஆகாது. வெங்காயம் வெந்து கரைந்த சாம்பாரும் இதில் சேர்த்திதான்.

வெட்டு நடக்கும் நாள்களில் மட்டுமாவது நாயைப் பந்தலுக்கு வெளியே கட்டிப்போடுங்கள். கழிவுப் பழம் கொட்டும் குழியை அன்றைக்கே மண் தள்ளி மூடிவிடுங்கள்.