35 என்ற எண் எங்கே எழுத்தாகிறது?

மதுரை இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர் மேசையில் இருப்பது சிறிய கணினி ஒன்றுதான்; அவர் உண்மையில் வேலை பார்க்கும் விண்டோஸ், வேறோர் ஊரிலுள்ள சர்வருக்குள் மெய்நிகர் கணினியாக, அதாவது மென்பொருளால் உருவான கணினியாக, இயங்குகிறது. வாடிக்கையாளர்களுக்காக ஜெர்மன், அலுவலகத்துக்காக ஆங்கிலம், தமக்காகத் தமிழ் என மூன்று விசைப்பலகை அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். “தமிழ் 99 முறையில் ‘அக்கா’ என்று அடித்தால் ஒரு நாள் ஒழுங்காக வருகிறது, மறுநாள் வெறும் ஆங்கில எழுத்துகளாக வருகிறது, சில நாள் சரியான கடவுச்சொல்லையே தவறு என்கிறது. கோளாறு விசைப்பலகையிலா, மேசைக் கணினியிலா, சர்வரிலா?” என்று கேட்கிறார்.

இம்மூன்றில் எதுவும் பழுதாகாமலேயே இப்படி நடக்கும். காரணத்தை அறிய, விசையை அழுத்தும் விரலிலிருந்தே தொடங்க வேண்டும்.

விசைகளின்மீது எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பது நம் கண்ணுக்காக மட்டுமே. பலகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்தடங்களில் எந்த இரண்டு தொட்டுக்கொண்டன என்பதைச் சிறு சில்லு ஒன்று கண்டறிந்து, அந்த இடத்துக்குரிய எண்ணை அனுப்புகிறது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆங்கில எச் அச்சிட்ட விசையை எடுத்துக்கொள்வோம். யு.எஸ்.பி. விசைப்பலகை அதற்கு 11 என்ற எண்ணை அனுப்பும். இயங்குதளம் அதை வாங்கி 35 என்று மாற்றிக்கொள்ளும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் விசைப்பலகையில் அந்த இடத்துக்கு இருந்த எண் 35. விண்டோஸும் லினக்ஸும் இன்றும் அதையே கையாளுகின்றன. மாசி வீதியில் ஒரு கதவிலக்கம் உள்ளே இருப்பது நகைக்கடையா பாத்திரக்கடையா என்பதைச் சொல்லாததுபோல, 35 என்பதும் இடத்தை மட்டுமே சொல்கிறது. அந்த இடத்தில் எந்த எழுத்து குடியிருக்கிறது என்பதை இயங்குதளத்திலுள்ள அட்டவணைதான் முடிவு செய்யும். ஆங்கில அட்டவணையிலும் ஜெர்மன் அட்டவணையிலும் 35 எச் ஆகும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பின் தமிழில் ‘ப’ ஆகும். தமிழ் 99-இல் ‘க’ ஆகும். ஆகவே எந்த விசைப்பலகை அமைப்புச் சிக்கலிலும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எண் எழுத்தாக மாறும் இடம் எது என்பதே.

ஒரே கணினியில் அந்த இடம் ஒன்றுதான். மெய்நிகர் கணினியில் அது இரண்டாகிவிடுகிறது. மேசைக் கணினியின் இயங்குதளம் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. சர்வருக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளம் தனக்கென இன்னொன்று வைத்திருக்கிறது. விருந்தினருக்கு உண்மையான விசைப்பலகை கிடையாது. பெரும்பாலும் 1984-இன் பி.சி./ஏ.டி. கணினியில் இருந்த விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லைப்போல மென்பொருள் ஒன்று நடிக்கிறது. அதிலிருந்து வரும் எண்களை உண்மையான விசைகளின் எண்களாகவே விருந்தினர் எடுத்துக்கொள்கிறது.

இரண்டு கணினிகளுக்கும் நடுவே எது பயணம் செய்கிறது என்பதில்தான், தொலைவுக் கணினியைக் கையாள உதவும் இணைப்பு நெறிமுறைகள் வேறுபடுகின்றன. மைக்ரோசாஃப்டின் ஆர்.டி.பி. வழக்கமாக 35 என்ற எண்ணையே அனுப்பும். எழுத்தாக்கும் வேலை சர்வரில் நடக்கும். கேம்பிரிட்ஜின் ஓலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த வி.என்.சி.யோ, எண்ணை மேசைக் கணினியிலேயே எழுத்தாக்கி, அந்த எழுத்துக்குரிய குறியீட்டை அனுப்பும். அங்கே தமிழ் அமைப்பு இயங்கினால், 35-க்குப் பதிலாக ‘க’வைக் குறிக்கும் 16780181 என்ற நீண்ட எண் கம்பியில் செல்லும். மறுமுனையில் இருக்கும் மென்பொருள், எந்த விசையை அழுத்தியிருந்தால் இந்த எழுத்து வந்திருக்கும் என்று பின்னோக்கித் தேடி, போலி விசையொன்றை அழுத்த வேண்டும். அதன் அட்டவணையில் தமிழே இல்லையென்றால் எழுத்து வழியிலேயே தொலைந்துபோகும். இந்தத் துன்பத்தைத் தவிர்ப்பதற்காகவே, எழுத்தோடு மூல எண்ணையும் சேர்த்து அனுப்பும் நீட்சி ஒன்றைக் கியூ.எம்.யு. என்ற மெய்நிகர் கணினி மென்பொருளை உருவாக்கியவர்கள் பின்னர் வி.என்.சி.க்குச் சேர்த்தார்கள்.

ஐரோப்பிய மொழிகளுக்கு விளக்கம் ஏறத்தாழ இவ்வளவே போதும். தமிழுக்குப் போதாது என்பதும், அது ஏன் போதாது என்பதும்தான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 அமைப்பில் உயிர்கள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இருக்கின்றன. ‘அக்கா’ என்று எழுத ஏ, எச், எச், கியூ என்ற நான்கு விசைகள் போதும். முதல் விசை அ. இரண்டாவது விசை க. மூன்றாவது விசையும் அதே 35 என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆனால் இம்முறை ஒரு குறியீட்டுக்கு மாறாக இரண்டு வெளிவருகின்றன: முதலில் புள்ளி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடில் 3021. பிறகு க, 2965. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி இடு என்பது தமிழ் 99-இன் விதி. நான்காவது விசை ‘ஆ’வுக்கு உரியது, சொல்லின் தொடக்கத்தில் அடித்திருந்தால் ஆ, அதாவது 2950 வந்திருக்கும். இங்கே முன்னால் அகரமேறிய மெய் நிற்பதால் துணைக்கால், அதாவது 3006 வருகிறது. நகரத்தை அடுத்துத் தகரத்தை அடித்தால் ‘ந்த’ தானே உருவாவதும், ஙகரத்தை அடுத்துக் ககரத்தை அடித்தால் ‘ங்க’ உருவாவதும் இப்படித்தான். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ஒரு ‘அ’ அடித்து அதைத் தடுக்கலாம். தமிழ்ச் சொற்களில் மெய்கள் எப்படி மயங்கி வரும் என்பதை அறிந்தவர்கள் விரல்களின் உழைப்பைக் குறைப்பதற்காக அமைத்த இந்த விதிகளை நான் மிகவும் மதிக்கிறேன். ‘மதுரை’ என்று எழுத ஐந்தே விசைகள். அதற்கான யூனிகோடு குறியீடுகளும் ஐந்தே.

இதன் விளைவு என்னவென்றால், வெறும் அட்டவணை இங்கே பயன்படாது. சற்றுமுன் என்ன எழுதப்பட்டது என்ற நினைவு வேண்டும். அந்த நினைவை வைத்திருக்கும் மென்பொருளை உள்ளீட்டு முறை என்கிறோம். சுட்டியால் வேறோர் இடத்தில் சொடுக்கிவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தால், பழைய நினைவு பொய்யாகிவிடும். அப்போது நல்ல உள்ளீட்டு முறை, இடங்காட்டிக்கு முன்னால் நிற்கும் எழுத்து எது என்று செயலியையே கேட்டுத் தெரிந்துகொள்ளும். இந்தக் கேள்வியைச் செயலி ஓடும் கணினிக்குள்ளிருந்துதான் கேட்க முடியும். மேசைக் கணினிக்குத் தொலைவிலிருந்து வருவது திரையின் படம் மட்டுமே. அந்தப் படத்தில் தெரியும் ‘க’, அதைப் பொறுத்தவரை சில நிறப்புள்ளிகளின் கூட்டம். ஆகையால் தமிழ் உள்ளீட்டு முறை சர்வருக்குள், எழுத்துகள் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான முடிவு.

ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கே விசை ‘க்’ தரும். அடுத்து ஏ வந்ததும் புள்ளியை நீக்கியாக வேண்டும். சில உள்ளீட்டு மென்பொருள்கள் இதற்குப் பின்னழி விசையை அழுத்தியதுபோல நடிக்கின்றன. பின்னழி விசை சில செயலிகளில் ஒரு குறியீட்டை மட்டும் அழிக்கும்; சிலவற்றில் முழு எழுத்தையும் அழித்துவிடும். மேசைக் கணினியிலிருந்து அப்படிப்பட்ட பின்னழிப்பு சென்றால், சர்வரில் அழிவது புள்ளியா எழுத்தா என்பதை அனுப்பியவரால் அறிய முடியாது.

மதுரை டி.டி.பி. கடைகளில் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்துவோர், தங்களுக்கு எந்த மெய்நிகர் கணினியிலும் இந்தத் தொல்லை வருவதில்லை என்று சொன்னால், அது உண்மையே. பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எச் என்ற எழுத்தைத்தான். எழுத்துரு அதைத் துணைக்காலாக வரைந்து காட்டுகிறது. இரு முனைகளிலும் ஆங்கில அட்டவணை இருந்து, தொலைவுக் கணினியில் எழுத்துருவும் இருந்தால் போதும். ஆனால் அப்படி எழுதியதைத் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ திரைவாசிப்பானால் படிக்கவோ இயலாது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பின்னாளில் யூனிகோடுக்குக் கொண்டுவந்ததால்தான் இன்று அந்நூல்களில் ஒரு சொல்லை யாரும் தேட முடிகிறது.

லினக்ஸில் பலர் பயன்படுத்தும் தமிழ் 99, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் என்ற மென்பொருள் நூலகத்தின் விதிக்கோப்புகளிலிருந்து வருகிறது. அந்த நூலகம் உருவானது ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. என்னும் தேசிய ஆய்வு நிறுவனத்தில். தன் மொழியல்லாத மொழிகளுக்காகவும் ஓர் அரசு ஆய்வகம் இவ்வளவு உழைத்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நிதியில் ஒரு சிறு பங்காவது, தமிழ் உள்ளீட்டு விதிகளைப் புதிய இயங்குதளங்களிலும் தொலைவுக் கணினிகளிலும் தொடர்ந்து சோதித்துச் செப்பனிடும் பணிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று கருதுகிறேன். விழா மேடைகளுக்குச் செலவிடுவதைவிட அது தமிழுக்கு நீண்ட காலம் உதவும்.

இனி வாசகரின் கணினிக்கு வருவோம். ஆர்.டி.பி. இணைப்பைத் தொடங்கும்போது, மேசைக் கணினி தன் விசைப்பலகை அமைப்பின் எண்ணையும் சர்வருக்குச் சொல்கிறது: அமெரிக்க ஆங்கிலம் 1033, ஜெர்மன் 1031, இந்தியத் தமிழ் 1097. சர்வர் அதை மதித்து, அந்த அமர்வை அதே அமைப்பில் திறக்கிறது. ஒரு நாள் ஒழுங்காகவும் மறுநாள் வேறாகவும் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இணைக்கும் நொடியில் மேசையில் எந்த மொழி இருந்தது என்பதைப் பொறுத்து அமர்வு மாறுகிறது. எனவே மேசைக் கணினியில் ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் நீக்கிவிடுங்கள். மூன்று அமைப்புகளையும் சர்வரிலுள்ள விண்டோஸின் மொழி அமைப்பில் சேருங்கள். விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் தமிழ் 99-உம், ஒலிப்பு முறையிலான தமிழ் அஞ்சலும் உடன் வருகின்றன. மேசையிலிருந்து வரும் அமைப்பைப் புறக்கணிக்கும்படி விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மதிப்பை இட்டு நிர்வாகியால் சர்வரை நிலைப்படுத்தவும் முடியும். மொழி மாற்றும் விண்டோஸ்–ஸ்பேஸ் விசைக்கூட்டு மேசைக் கணினியிடம் சிக்கிவிடாமல் சர்வருக்குச் செல்ல, இணைப்பு மென்பொருளின் விசைப்பலகைப் பகுதியில் ‘தொலைவுக் கணினியில்’ என்ற தேர்வு இருக்க வேண்டும்.

விருந்தினர் லினக்ஸாக இருப்பவர்கள், அதில் திரையையும் விசைகளையும் கையாளும் எக்ஸ் சாளர அமைப்பின் அட்டவணையில் ஒரே நேரத்தில் நான்கு அமைப்புகளுக்கு மேல் வைக்க இயலாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் அங்கே வைத்து, தமிழை ஐபஸிடம் ஒப்படைப்பதே நல்லது.

கடவுச்சொல் தவறாவதற்கு விடை ஜெர்மன் அமைப்பில் இருக்கிறது. அதில் ஒய், ஜெட் இரண்டும் இடம் மாறியிருக்கும். 21 என்ற எண் ஆங்கிலத்தில் ஒய், ஜெர்மனில் ஜெட். உள்நுழைவுத் திரையில் கடவுச்சொல் புள்ளிகளாகவே தெரிவதால் இந்த இடமாற்றம் கண்ணுக்குப் படாது. அந்தத் திரையின் மூலையிலுள்ள மொழிக் குறியை முதலில் பாருங்கள். அது ஜெர்மனைக் காட்டினால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு உள்நுழையுங்கள். அடுத்த முறை கடவுச்சொல்லை மாற்றும்போது இவ்விரு எழுத்துகளையும் தவிர்த்துவிடுங்கள். சிறப்புக் குறிகளும் பல ஜெர்மனில் வேறு விசைகளில் இருப்பதால், அவற்றை அங்கே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.