பிஸ்கட் பொன்னிறமாகிவிட்டது, உள்ளே இருக்கும் கறி?

கறியும் சீஸும் வைத்து மூடிய பிஸ்கட்டைச் செய்துகாட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "கறியைப் பச்சையாகவே உள்ளே வைத்து மூடினால் என்ன? ஓவனில்தான் வெந்துவிடுமே!" கேட்பதில் தவறே இல்லை. 220 டிகிரிக்கு ஓவனைத் திருகி வைத்த பிறகு அதற்குள் போனது எதுவும் வேகாமல் வெளியே வராது என்றுதான் தோன்றும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அழகாகச் சிவந்து வந்த ஒரு தட்டுப் பிஸ்கட்டில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தபோது நடுவில் கறி கொழகொழவென்று இருந்தது. தெர்மாமீட்டரைக் குத்தினேன், 58 டிகிரி. தட்டோடு குப்பைக்குப் போனது.

எந்தப் பிஸ்கட்டைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். தேநீரில் நனைத்துச் சாப்பிடும் மொறுமொறு வகை அல்ல. ஈஸ்ட் போடாமல் பேக்கிங் பவுடரால் உப்பி, அடுக்கடுக்காகப் பிரியும் மெத்தென்ற சின்ன ரொட்டி. அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று சொல்வது இதைத்தான். அதன் வயிற்றுக்குள் பூரணம் வைத்தால் சமையல் கணக்கே மாறிவிடுகிறது.

மாவின் மேற்பரப்பில் ஈரம் சீக்கிரம் வற்றிவிடும். வற்றிய இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறும், 140 டிகிரிக்கு மேல் போகும்போது வேகமாகச் சிவக்கும். உள்ளே அப்படி இல்லை. ஈரம் இருக்கும்வரை அங்கே 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. அந்த 100ஐ நோக்கிப் போவதும் ஆமை வேகத்தில்தான், ஏனென்றால் சுற்றியுள்ள மாவு ஒரு கம்பளி மாதிரி சூட்டைத் தடுத்து நிற்கிறது. கடைசியாகச் சூடாகும் இடம் பூரணத்தின் நடு. வெளியே தெரியும் நிறத்துக்கும் அந்த நடுவுக்கும் சம்பந்தமே இல்லை.

கொத்துக்கறி என்றால் இன்னும் கவனம் வேண்டும். முழுத்துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது மேலே இருந்தது எல்லாம் உள்ளே கலந்துவிடும். அதனால்தான் கொத்திய ஆட்டுக்கறி, மாட்டுக்கறிக்கு 71 டிகிரி, கோழிக்கு 74 டிகிரி என்று உணவுப் பாதுகாப்பு வழிகாட்டிகள் வரம்பு சொல்கின்றன. கறியின் நிறத்தை நம்பாதீர்கள். சில நேரம் கொத்துக்கறி போதிய சூட்டை எட்டும் முன்பே பழுப்பாகிவிடும், சில நேரம் நன்றாக வெந்தும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஹாம் போன்ற பதப்படுத்திய கறியோ, அதில் சேர்க்கும் நைட்ரைட் உப்பால் எவ்வளவு வேகவைத்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும்.

"சரி, இன்னும் பத்து நிமிடம் சேர்த்து வைத்தால்?" இது அடுத்து வரும் கேள்வி. அடி கருகும். பச்சைக் கறி வேகும்போது நீரும் கொழுப்புமாக எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழக்கும். மூடிய பிஸ்கட்டுக்குள் அது எங்கே போகும்? மாவுக்குள்தான். வெந்தும் வேகாத ஒரு பசைப் படலம் உட்புறம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே கறியை முதலில் தனியாகச் சமைத்துவிடுங்கள். அகலமான வாணலியில் கட்டிகளை உடைத்துவிட்டு, நீர் முழுக்க வற்றும்வரை வதக்கி, மிதக்கும் கொழுப்பை வடித்துவிடுங்கள். வெங்காயம், மிளகு எல்லாம் இங்கேயே சேரட்டும். கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடியில் நீர் கசியக் கூடாது, அந்தப் பதம்தான் பூரணத்துக்குச் சரி.

இதுவரை சொன்னதைப் பலரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். "வெந்துவிட்டதே, இனி என்ன" என்று வாணலியை அப்படியே அடுப்பு மேடையில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்கள். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று ஒரு பாக்டீரியா. சமைக்கும் சூட்டில் மற்றவை செத்தாலும் தடித்த உறைக்குள் உறங்கும் இதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். கறி மெதுவாக ஆறும்போது விழித்துக்கொண்டு மளமளவென்று பெருகும். கும்பலாகச் சமைக்கும் இடங்களில் வயிற்றுப்போக்குக்கு இது பழைய குற்றவாளி. வணிகச் சமையலறைகளுக்கான ஒரு விதி இப்படி: சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வந்துவிட வேண்டும். வீட்டு அளவுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் ஆவி அடங்கும், உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். குவியலாக வைத்தால்தான் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்.

ஆறிய பூரணம் மாவுக்கும் நல்லது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சூடான பூரணத்தை வைத்தால் ஓவனுக்குப் போகும் முன்பே அது ஒழுகி, அடுக்குகள் எல்லாம் ஒன்றாகிவிடும். குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகள் ஓவனுக்குள் உருகும்போது அவற்றில் உள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கிப் பிரிக்கிறதே, அந்த வித்தைதான் இந்த பிஸ்கட்.

நான் எடுக்கும் அளவு எட்டுப் பிஸ்கட்டுக்கு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, சில்லென்ற வெண்ணெய் 90 கிராம், சில்லென்ற பால் 175 மில்லி. பூரணத்துக்குச் சமைத்த கறி 180 கிராம், துருவிய சீஸ் 80 கிராம். வெண்ணெயை மாவோடு விரல்நுனியால் உதிர்த்து, பட்டாணி அளவுத் துண்டுகள் தெரியும்போதே பாலை ஊற்றிச் சேருங்கள். பிசைய வேண்டாம், ஒன்றுகூடினால் போதும். பிசையப் பிசைய மைதாவின் குளூட்டன் என்ற புரதம் இறுகி, பிஸ்கட் ரப்பராகிவிடும். மாவைத் தட்டி, மடித்து, மறுபடி தட்டுங்கள். இரண்டு மூன்று முறை போதும்.

மாவு உருட்டும்போது ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. விட்டுவிடுங்கள். மைதா பார்க்கத்தான் சுத்தமான பொடி. அது சமைக்காத தானியம், கிருமியைக் கொல்லும் எந்தக் கட்டத்தையும் பெரும்பாலும் தாண்டி வந்ததில்லை. 2016இல் அமெரிக்காவில் மாவின் வழியாக ஈ.கோலை என்ற பாக்டீரியா பரவி 60க்கும் மேற்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள். குழந்தைகள் கையில் மாவு உருண்டையை விளையாடக் கொடுப்பதும் இதே கணக்குதான்.

சீஸைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. நீரில் மிதக்கும் புது மொசரெல்லா இங்கே வேண்டாம், அது உருகும்போது விடும் தண்ணீர் மாவைக் கெடுக்கும். ஈரம் குறைந்த மொசரெல்லா அல்லது செடார் சரி. சீஸைக் கறியோடு கலந்து வையுங்கள், தனிக்கட்டியாக நடுவில் வைத்தால் அது உருகிய இடத்தில் குகை மாதிரி ஓட்டை விழும். அப்புறம், உப்பு. 100 கிராம் செடாரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பேக்கிங் பவுடரிலும் சோடியம் உண்டு, பதப்படுத்திய கறியில் கேட்கவே வேண்டாம். பூரணத்தில் தனியாக உப்புப் போடும் முன் ருசி பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

மூடுவது கைப்பழக்கம். 65 கிராம் மாவுக்கு 30 கிராம் பூரணம், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். மாவின் நடுப்பகுதி தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஓரத்தில் கொழுப்புப் பட்டால் ஒட்டாது, அதனால் பூரணம் வைத்த கையைத் துடைத்துவிட்டு மூடுங்கள். மடிப்பு அடியில் இருக்கும்படி தட்டில் வைத்து, மேலே கத்தி நுனியால் சின்னதாகக் கீறிவிடுங்கள், ஆவி போக வழி வேண்டும். இந்தக் கீறலுக்கு இன்னொரு பயனும் உண்டு. மூடிய பிஸ்கட் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும், எதற்குள் எந்தக் கறி என்று செய்தவருக்கே மறந்துவிடும். நான் கோழிக்கு ஒரு கீறல், ஆட்டுக்கறிக்கு இரண்டு, கறி இல்லாததற்குச் சிலுவைக் குறி என்று வைத்திருக்கிறேன். சாப்பிடுபவருக்குக் கோதுமையோ பாலோ ஒத்துக்கொள்ளாது என்றாலும், மேலே முட்டை தடவியிருந்தாலும், கேட்கும் முன்பே சொல்லிவிடுவது செய்தவரின் கடமை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத உணவு இது.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டுப் போட்டு மேலே கையுறை அணியுங்கள், அல்லது மூடும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சமைத்த கறியில் இறங்கி, அந்தக் கறி வெதுவெதுப்பாகக் கிடந்தால், அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கிருமி சாகும், விஷம் நிற்கும்.

220 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். ஓவன் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை, 10, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதனால் நேரத்தை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பிஸ்கட்டில் பக்கவாட்டிலிருந்து நடுவரை தெர்மாமீட்டரைக் குத்துங்கள். பூரணம் 74 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். அதை ஒட்டிய மாவு 93ஐ எட்டியிருந்தால் பசை இருக்காது. தெர்மாமீட்டரையே சந்தேகப்பட்டால், நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் நிறைந்த டம்ளரில் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும்.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடாதீர்கள். மேல்தோல் கைக்கு இதமாக இருக்கும்போது உள்ளே சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும். உருகிய சீஸ் வாயிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டு சுடும், சூப் மாதிரி வழிந்து போகாது. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பிட்டுத் திறந்து கொடுங்கள். கையில் பட்டுச் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

மிச்சம் வைப்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. ரொட்டி மாதிரி இருப்பதால் ரொட்டி மாதிரியே நடத்துகிறார்கள், மூடி போட்டு மேசையில் நாள் முழுக்க வைத்திருப்பார்கள். இது கறி. வெளியே 2 மணி நேரம்தான், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். காலையில் டப்பாவில் போட்டு மதியம் சாப்பிடுவதாக இருந்தால் ஐஸ் பொதியோடு அனுப்புங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போதும் நடுவில் 74 டிகிரி வர வேண்டும். மைக்ரோவேவ் மாவைச் சவசவ என்று ஆக்கிவிடும், 175 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வைத்தால் மேலே மொறுமொறுப்பும் திரும்பும்.

நிறையச் செய்வதென்றால், மூடிய பிஸ்கட்டைச் சுடாமலேயே தட்டில் இடைவெளி விட்டு ஃபிரீசரில் உறையவைத்து, பிறகு பையில் போட்டுக் கட்டுங்கள். −18 டிகிரியில் ஒரு மாதம் வரை ருசி கெடாது. சுடும்போது உருகவைக்க வேண்டாம், 190 டிகிரியில் அரைமணி நேரம் கணக்கு வைத்து, மறக்காமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். பையின் மேல் தேதியையும் எத்தனை கீறல் என்பதையும் எழுதி வையுங்கள். உறைந்த பிறகு மேலே படியும் பனியில் கீறல் தெரியாது.